கிரிவலம் போகும் அம்பு

"சித்தி, அந்த அண்ணன் அம்பு நேரா போவுது. உன் அம்பு மட்டும் ஏன் மேல ஏறிட்டு எறங்குது?"

கவிநிலா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டி இருக்கிற மைதானத்துக்குச் சித்தியோடு முதல் தடவை வந்திருந்தாள். கஸ்தூரி பதில் யோசிப்பதற்குள் பக்கத்தில் நின்ற மணிவேல் முந்திக்கொண்டான்.

"எங்க அம்பு நேரா சாமி கிட்ட போவும் பாப்பா. உங்க சித்தி அம்பு கிரிவலம் சுத்திட்டுதான் வரும்."

மைதானத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். கஸ்தூரியும் சிரித்தாள். அன்றிலிருந்து அந்த வில்வித்தை கிளப்பில் அவள் அம்புக்குக் கிரிவல அம்பு என்றே பெயர் வந்துவிட்டது.

குழந்தை பார்த்தது சரிதான். வில்லை இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதைப் பவுண்டில் சொல்வார்கள். கைப்பிடிக்கு மேலும் கீழும் பொருத்துகிற இரண்டு பட்டைகளில் அந்த எண் அச்சிட்டிருக்கும். மணிவேலின் பட்டையில் நாற்பத்தாறு. கஸ்தூரியின் பட்டையில் முப்பத்தாறு. பவுண்டு ஜாஸ்தியானால் அம்பு வேகமாக, தாழ்வாகப் போகும். கம்மியானால் மேலே ஏறி, அதிக நேரம் காற்றில் இருந்துவிட்டு இறங்கும். ஆணானாலும் பெண்ணானாலும் தூரம் ஒன்றுதான், எழுபது மீட்டர். குறிப்பலகையும் ஒன்றுதான், நடுவட்டத்துக்குப் பத்து மார்க், வெளியே போகப் போகக் குறையும். அம்பு போகிற வழிதான் வேறு.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த ஆடிப் பௌர்ணமி அன்று காலை, அதே மைதானத்தில் கஸ்தூரி வில்லோடு நின்றாள். சென்னையில் இருக்கிற ஓர் அறக்கட்டளை, மாவட்டத்துக்கு ஒருவரை மட்டும் எடுத்து, தங்க இடமும் சாப்பாடும் சொந்தமாக ஒரு முழு வில்லும் கொடுத்துப் பயிற்சி தருவதாகச் சொல்லியிருந்தது. பையனா பெண்ணா என்று பார்க்க மாட்டார்கள். யார் அதிக மார்க் எடுக்கிறாரோ அவருக்கு இடம்.

கஸ்தூரிக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. கிளப்பின் வில் பதினெட்டு வயது வரைக்கும்தான். அடுத்த மாதம் அவள் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அந்த இரண்டு பட்டைகள் மட்டும் அவளுடையவை. ரமணாசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரம்மா ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. ஆனால் கைப்பிடி இல்லாமல் பட்டைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடி அண்ணாமலையில் வீட்டுச் சுவரில் மாட்டிவைக்கலாம். அவ்வளவுதான்.

தேர்வு நடத்த வந்திருந்த பூஜா மேடம் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துப் பேசினார்.

"அவங்கவங்க மார்க்கை அவங்கவங்களே சொல்லணும். அதே பலகையில இருக்கிற இன்னொருத்தர் சரி பாத்து எழுதணும். சந்தேகம்னா மட்டும் என்னைக் கூப்பிடுங்க. இன்னொரு விஷயம். தோள்லயோ கையிலயோ வலி இருந்தா இப்பவே சொல்லிடுங்க. காயம் இருக்கிறவங்களை நாங்க எடுக்க மாட்டோம். பாதியில தெரிஞ்சா நிறுத்திடுவோம்."

யாரும் வாய் திறக்கவில்லை.

கஸ்தூரிக்கும் மணிவேலுக்கும் ஒரே பலகை வந்தது. கம்பி வேலிக்கு வெளியே மணிவேலின் அப்பா முருகையன் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். செங்கம் ரோட்டில் லாட்ஜ் வைத்திருக்கிறவர். பௌர்ணமி அன்று லாட்ஜை விட்டு அவர் நகர்ந்ததே இல்லை. இன்று நகர்ந்திருந்தார்.

"பொண்ணு கூடவா உன்ன போட்டுகீறாங்க? முடிச்சிட்டு சீக்கிரம் வாடா. ரூம் எல்லாம் ஃபுல்லு" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"அந்த பொண்ணு போன மாசம் வேலூர்ல உங்க பையன விட ரெண்டு மார்க்தான் கம்மி" என்றார் கிளப்பைப் பார்த்துக்கொள்கிற அருணகிரி சார்.

"கம்மிதானே சார்? அதைத்தான் நானும் சொல்றேன்."

கஸ்தூரி தலையைத் திருப்பி மலையைப் பார்த்தாள். உச்சியில் மேகம் படிந்திருந்தது. அண்ணாமலையாரே, ஜெயிக்க வைன்னு கேக்கலை, கை நடுங்காம மட்டும் பாத்துக்க என்று மனதுக்குள் சொன்னாள். பிறகு, பொய் சொல்கிறோமே என்று தோன்ற, ஜெயிக்கவும் வை என்று சேர்த்துக்கொண்டாள்.

ஆறு ஆறு அம்புகளாக ஆறு சுற்று. மூன்று சுற்று முடிந்தபோது கஸ்தூரி நான்கு மார்க் பின்தங்கியிருந்தாள். அதில் இரண்டு அவளே விட்டுக்கொடுத்தது என்று அருணகிரி சார் திட்டினார்.

"கோட்டுல தொட்டா மேல் மார்க்குன்னு எத்தனை தடவ சொல்றது? ஏன் எட்டு எட்டுன்னு சொல்லிட்டு வர?"

"தொட்ட மாதிரி நிச்சயமா தெரியல சார்."

"பசங்க தொடாததையே தொட்டுதுன்னு சண்டை போடுறானுங்க. நீங்க பொண்ணுங்க எல்லாம் தொட்டதையே இல்லைன்னு சொல்றீங்க. உன் அம்புக்கு நீயே எதிரியா?"

அதிகமாகச் சொல்லி அசிங்கப்படுவதைவிடக் குறைத்துச் சொல்வது மேல் என்று யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. ஆனாலும் எங்கேயோ கற்றிருந்தாள்.

இடைவேளையில் முகம் கழுவ, வில்கள் வைக்கிற தகரக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குழாய்க்குப் போனாள். கொட்டகையின் ஜன்னல் பாதி திறந்திருந்தது. உள்ளே மணிவேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சட்டையை ஒரு பக்கம் இறக்கிவிட்டு, உறையவைத்த பால் பாக்கெட் ஒன்றை வலது தோளில் அழுத்திக்கொண்டிருந்தான். தண்ணீர் முதுகில் வழிந்தது. கையை மெல்ல உயர்த்திப் பார்த்தான். தோள் அளவுக்கு வருவதற்குள் பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினான்.

கஸ்தூரிக்கு அப்போதுதான் பல விஷயங்கள் புரிந்தன. காலையிலிருந்து அவன் பலகையிலிருந்து அம்புகளை இடது கையால்தான் பிடுங்குகிறான். இழுத்துப் பிடிக்கும்போது வில் நடுங்குகிறது. நாற்பத்தாறு பவுண்டு அவன் தோளுக்கு அதிகம். அவனுக்கும் அது தெரியாமல் இருக்காது. ஆனால் கிளப்பில் ஒரு பையன் பவுண்டைக் குறைத்தால், "சேலை கட்டிக்கடா, வளையல் போட்டுக்கடா" என்று ஆரம்பித்து ஒரு வாரத்துக்கு விடமாட்டார்கள். முருகையன் விடவே மாட்டார்.

அவள் சத்தமில்லாமல் திரும்பி நடந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

மைதானத்தின் நடுவில் குடைக்குக் கீழே பூஜா மேடம் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கஸ்தூரியின் கால்கள் அந்தக் குடையை நோக்கித்தான் போயின. ஒரு வாக்கியம் போதும். மேடம், மணிவேலுக்குத் தோள்ல அடி. அதில் பொய் ஒன்றும் இல்லை. விதியை அவர்தானே சொன்னார்? சொல்லிவிட்டால் மணிவேலை நிறுத்திவிடுவார்கள். அவனுக்கு அடுத்த மார்க் அவளுடையது. அவன் தோளுக்கும் அதுதான் நல்லது. இப்படி ஒவ்வொரு நியாயமாகச் சேர்த்துக்கொண்டே நடந்தாள். குடையின் நிழலுக்குள் வந்தபோது கைவசம் நிறைய நியாயங்கள் இருந்தன. ஆனால் வாய் உலர்ந்திருந்தது.

"என்னம்மா?" என்று பூஜா நிமிர்ந்தார்.

தன் தோளாக இருந்தால் தானே போய்ச் சொல்லியிருப்பாளா என்று அவளுக்குள் ஏதோ கேட்டது.

"தண்ணி எங்க இருக்குது மேடம்?"

"அங்க கேன்ல இருக்கு பாரு. முகமெல்லாம் இப்படி வேர்க்குதே. உனக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல மேடம்."

கேனிலிருந்து தண்ணீர் பிடித்துக் குடித்தாள். சொல்லாமல் வந்ததற்காக அவளுக்குப் பெருமை எதுவும் இல்லை. சொல்லத்தானே போனோம் என்ற வெட்கம்தான் இருந்தது.

பத்து மணிக்கு மேல் ஆடிக் காற்று கிளம்பியது. மலையைச் சுற்றிக்கொண்டு வருகிற காற்று. ஒரு நொடி அசைவே இருக்காது, அடுத்த நொடி மைதானத்து மண்ணையெல்லாம் கிளப்பிவிடும். பலகைகளின் உச்சியில் குத்தியிருந்த சின்னக் கொடிகள் விறைத்து நின்றன. பையன்கள் காற்றைக் கண்டுகொள்ளாமல் எய்தார்கள். கஸ்தூரியால் அது முடியாது. அவள் அம்பு அதிக நேரம் மேலே இருக்கும், காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் கொடி தொய்கிற வரை காத்திருக்கக் கற்றிருந்தாள். நாலாவது சுற்றில் ஒரு மார்க் மீட்டாள். ஐந்தாவதில் மூன்று. கடைசிச் சுற்று தொடங்கும்போது இருவரும் சமம்.

வேலிக்கு வெளியே கஸ்தூரியின் அக்காவோடு வந்து நின்றிருந்த கவிநிலா, "சித்தி, கிரிவலம் போ! சித்தி, கிரிவலம் போ!" என்று கத்தினாள். அக்கா அவள் வாயைப் பொத்தினாள்.

கடைசி ஆறு அம்புகளையும் எய்துவிட்டு இருவரும் பலகைக்கு நடந்தார்கள். மற்ற பலகைகளில் கூட்டமாக நின்று மார்க் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பூஜா மேடம் ஓரத்துப் பலகையில் யாரோ இருவரின் சண்டையைத் தீர்த்துக்கொண்டிருந்தார். இங்கே இவர்கள் இருவர் மட்டும்தான்.

மணிவேலின் மார்க்கைக் கஸ்தூரி எழுதி முடித்தாள். பிறகு அவளுடைய அம்புகள். ஐந்தை மணிவேல் எழுதினான். ஆறாவது அம்பு பத்துக்கும் ஒன்பதுக்கும் நடுவே இருக்கிற கோட்டின் வெளிப்பக்கம் குத்தி நின்றது. தொட்டிருக்கிறதா, மயிரிழை தள்ளி நிற்கிறதா என்று நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. ஒன்பது என்றால் மணிவேல் ஒரு மார்க்கில் ஜெயித்துவிடுவான். பத்து என்றால் சமம். இருவரும் மனதில் கூட்டிப் பார்த்திருந்தார்கள். இருவருக்கும் தெரிந்திருந்தது.

"ஒன்பது" என்றாள் கஸ்தூரி.

பழக்கத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. மேடத்தைக் கூப்பிடலாம். ஆனால் சொன்னதை மாற்றினால் ஏமாற்றுகிறாள் என்று நினைப்பார்களே.

மணிவேல் பேனாவைத் தாளில் வைத்தான். எழுதவில்லை. வேலிப் பக்கம் அப்பாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு பலகைக்கு முன்னால் மண்டியிட்டு, தலையைச் சாய்த்து, அம்பின் அடிப்பக்கத்திலிருந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"கீழ வந்து பாரு" என்றான்.

அவளும் குனிந்தாள். அடிப்பக்கம் அம்பின் தண்டு கோட்டை ஒரு நூல் அளவுக்குத் தொட்டுக்கொண்டிருந்தது.

"தொட்டிருக்குது. பத்து."

"நான் ஒன்பதுன்னு சொல்லிட்டேனே."

"நீ சொன்னா ஆச்சா? அம்பு இன்னொண்ணு சொல்லுது" என்று பத்து என்று எழுதி அடியில் கையெழுத்துப் போட்டான். பிறகு எரிச்சலோடு, "இனிமேலாவது கண்ண தொறந்து பாத்து சொல்லு. ஒவ்வொரு தடவயும் நானா வந்து குனிவேன்?" என்றான்.

அவன் எழுந்திருக்கும்போது வலது கையை ஊன்றவில்லை என்பதைக் கஸ்தூரி பார்த்தாள். அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவனை வெளியே தள்ளுவதற்காகக் குடை வரைக்கும் நடந்தவள் அவள். அது அவனுக்குத் தெரியாது.

சமம் என்றதும் ஆளுக்கு ஒரே ஓர் அம்பு என்று பூஜா அறிவித்தார். நாற்பது நொடி நேரம். நடுவுக்கு எது பக்கமோ அது ஜெயிக்கும். மற்றவர்களெல்லாம் வில்களைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டுக்குப் பின்னால் கூடினார்கள். தூரத்தில் கிரிவலப் பாதையின் ஒலிபெருக்கி யாரோ தொலைந்துபோன பெரியவரின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

விசில் ஒலித்தது. இருவரும் ஒன்றாக வில்லை உயர்த்தி இழுத்தார்கள்.

நாண் கஸ்தூரியின் தாடையைத் தொட்ட அதே நொடியில் காற்று வந்தது. கொடி படபடத்து விறைத்தது. அவள் கையில் இருந்த வில்லை அது ஒரு பக்கமாகத் தள்ளியது. இப்போது விட்டால் அம்பு விலகிப் போய்விடும். பிடித்தாள். காற்று நிற்கவில்லை. தோள் எரிந்தது. பக்கத்தில் மணிவேலின் மூச்சு பெரிதாகக் கேட்டது. அவனும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்னா வேடிக்கை பாக்குற? விடுடா!" என்றார் முருகையன்.

இழுத்த நாணை விடாமல், அப்படியே மெதுவாகத் திருப்பி இறக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து இழுக்கலாம். அதற்குத் தடை கிடையாது. ஆனால் இறக்கினால் மறுபடி இழுக்கத் தெம்பு வேண்டும், நேரம் வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது பயந்து பின்வாங்குகிற மாதிரிதான் இருக்கும்.

கஸ்தூரி இறக்கினாள். பின்னால் யாரோ "அய்யோ" என்றார்கள்.

மணிவேலால் இறக்க முடியாது. இறக்கினால் அந்தத் தோள் நாற்பத்தாறு பவுண்டை இன்னொரு தடவை இழுக்காது. அது அவனுக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். அவன் காற்றிலேயே விட்டான். அம்பு விர்ரென்று போய்க் குத்திய சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கொடியை மட்டும் பார்த்தாள்.

இன்னும் பத்து நொடி என்று பூஜா குரல் கொடுத்தார். கொடியின் நுனி தொய்ந்தது. கஸ்தூரி வில்லை உயர்த்தினாள், இழுத்தாள், தாடையில் நாண் பட்டது, விட்டாள். அம்பு ஏறியது. எல்லோரும் தலையை நிமிர்த்திப் பார்க்கும்படி ஏறி, வளைந்து, இறங்கியது.

மணிவேலின் அம்பு எட்டில் நின்றது. அவளுடையது ஒன்பதில்.

அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கவிநிலா வேலிக்குக் கீழே புகுந்து ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மணிவேல் வந்து கை நீட்டினான். இடது கை. நீட்டிய பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"டேய், இடது கையக் குடுக்குறான் பாரு, தோத்த கோவத்துல" என்று ஒருத்தன் கேலி செய்தான். மணிவேலின் முகம் சிவந்தது.

கஸ்தூரி கவிநிலாவின் தலையிலிருந்து தன் இடது கையை எடுத்து அவன் கையைப் பற்றினாள்.

"நல்லா போட்ட" என்றான் அவன்.

"நீ குனிஞ்சி பாக்கலைன்னா…"

"உடு. இருந்ததத்தானே எழுதினேன்."

அதற்குள் முருகையன் உள்ளே வந்துவிட்டார். அவர் கத்தவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி மகனிடம் சிரித்துக்கொண்டே பேசினார்.

"பரவால்லடா. வில்லு பத்தலை, அவ்ளோதான். அடுத்த மாசம் அம்பது பவுண்டு வாங்கித் தரேன். அப்புறம் எந்தக் காத்து வந்து என்னா பண்ணும்?"

மணிவேல் தலையை ஆட்டினான். அவன் கண்களில் தெரிந்த பயத்தைப் பார்த்த பிறகு கஸ்தூரிக்கு யார் கொடுத்த இனிப்பும் தொண்டையில் இறங்கவில்லை.

அந்தப் பயம் வீட்டுக்கும் அவளோடு வந்தது. என்ன செய்வது? முருகையனிடம் போய் உங்கள் மகனுக்குத் தோள் போய்விட்டது என்று சொல்வதா? மகன் மறைத்ததை ஊரறியச் சொன்ன மாதிரி ஆகும். மணிவேலிடமே சொல்லிப் பார்ப்பதா? ஒரு பெண்ணிடம் தோற்றதோடு நிற்காமல், அவள் இரக்கத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றால் அவன் வேண்டாம் என்றுதான் சொல்வான். நல்லதைச் செய்யும்போதுகூட அடுத்தவர் தலை குனியாமல் செய்ய வேண்டியிருக்கிறது.

சென்னைக்குக் கிளம்புவதற்கு முன் கிளப்பின் கைப்பிடியைத் திருப்பிக் கொடுக்க அருணகிரி சாருக்கு ஃபோன் செய்தாள்.

"நான் கலசப்பாக்கத்துல ஒரு கல்யாணத்துல கீறேன்மா. சாவி ஜன்னல் மேல இருக்கும். வச்சிட்டுப் பூட்டிட்டுப் போ. உன் பட்டைய மறக்காம எடுத்துக்கோ, அது உன்னுது."

"சரி சார்."

காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் போனாள். மைதானத்தில் ஒரு பசு மட்டும் மேய்ந்துகொண்டிருந்தது. கொட்டகையைத் திறந்து, கைப்பிடியைத் துணியால் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள். அடுத்து அதைத் தொடப்போகிற கைக்கு நன்றாக வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டாள்.

கழற்றிய பட்டைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கிளப்பில் பாதிப் பேர் வைத்திருக்கிற அதே கறுப்பு நிறம். எந்தக் கைப்பிடியிலும் பொருந்தும். போன ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் நுனியில் இன்னும் மங்கலாக இருந்தது. அதைப் பார்த்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். துப்பட்டா நுனியை நனைத்து, மனசில்லாமல், முழுவதும் போகும்வரை துடைத்தாள். பிறகு முப்பத்தாறு என்று அச்சிட்டிருந்த இடத்தில் கறுப்பு டேப்பை ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்தினாள். இனி அதை யார் எடுத்துப் பார்த்தாலும் எத்தனை பவுண்டு என்று சொல்ல முடியாது. இழுக்கிற கைக்கு மட்டும் தெரியும். தெரிந்தால் போதும்.

மூலையில் மணிவேலின் வில் பை இருந்தது. ஜிப்பைத் திறந்து, பையின் பக்கவாட்டு அறையில் அவன் துண்டுக்கு அடியில் இரண்டையும் வைத்தாள். ஜிப்பைப் பழையபடி, அவன் விட்டிருந்த இடம் வரைக்கும் இழுத்து மூடினாள்.

பூட்டிவிட்டுச் சாவியை ஜன்னல் மேல் வைத்தாள். மலையைப் பார்த்து ஒரு தடவை கை குவித்தாள். பசு தலையைத் தூக்கவில்லை. காலியான கையை வீசிக்கொண்டு அவள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.